கப்பிக் குஞ்சுகள் பிழைக்க வேண்டுமா?

விடியற்காலை ஐந்து மணி. பெரட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் அடுப்படி விளக்கைப் போடுகிறீர்கள். மூலையில் இருக்கும் கண்ணாடித் தொட்டியில் ஏதோ அசைகிறது. குனிந்து பார்க்கிறீர்கள். நேற்று இரவு வரை ஆறு மீன்கள் இருந்த தொட்டியில் இன்று கண்ணும் வாலுமாகக் கடுகு போலச் சிதறிக் கிடக்கின்றன குஞ்சுகள்! பிள்ளைகளை எழுப்பிக் காட்டுகிறீர்கள். ஒன்று, இரண்டு, பத்து, இருபது என்று எண்ணிக் கூத்தாடுகிறார்கள்.

மாலையில் வேலை முடிந்து வந்து பார்த்தால் நாலோ ஐந்தோதான் மிச்சம். மறுநாள் காலையில் அவையும் இல்லை. பிள்ளை அழுகிறது. யார் வீட்டுப் பூனை வந்தது என்று தேடுகிறீர்கள்.

பூனை வரவில்லை. குஞ்சுகளைத் தின்றது தொட்டியில் இருக்கும் பெரிய மீன்கள்தாம். அவற்றுள் பெற்ற தாயும் ஒன்று!

பசார் மாலாமில் பிளாஸ்டிக் பையில் கப்பி மீன் வாங்கி வந்த பல வீடுகளில் நடப்பது இதுதான். குஞ்சு போடுவது கப்பிக்குப் பெரிய காரியமல்ல. போட்ட குஞ்சை ஆளாக்குவதுதான் காரியம். அதற்குப் பணம் அதிகம் வேண்டாம். கொஞ்சம் முன்யோசனையும், முதல் மூன்று வாரங்களுக்குத் தவறாத கவனிப்பும் இருந்தால் போதும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

எங்கிருந்து வந்தது இந்த மீன்?

கப்பிக்குச் சொந்த ஊர் நம் நாடு அல்ல. தென்னமெரிக்காவின் வடகரையில் உள்ள வெனிசுவேலா, கயானா, அருகிலுள்ள திரினிடாட் தீவு ஆகியவையே அதன் தாயகம். 1859-இல் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி இதற்கு முதன்முதலில் அறிவியல் பெயர் சூட்டினார். திரினிடாட்டில் வாழ்ந்த இராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவர் சில மீன்களைப் பிடித்து லண்டன் அரும்பொருளகத்துக்கு அனுப்பினார். 1866-இல் அங்கிருந்த குந்தர் என்ற அறிஞர், அனுப்பியவரின் பெயரையே மீனுக்கு வைத்தார். பீட்டர்ஸ் வைத்த பெயர் முந்தியது என்பதால் அறிவியல் ஏடுகளில் இன்று 'பொசிலியா ரெட்டிகுலாட்டா' என்றே எழுதுகிறார்கள். ஆனாலும் ஊர் வாயில் 'கப்பி' நிலைத்துவிட்டது.

அழகுக்காக மட்டும் இந்த மீன் உலகம் சுற்றவில்லை. கொசுப் புழுவைத் தின்னும் என்பதற்காகவே வெப்ப நாடுகள் பலவற்றுக்கு இதைக் கொண்டு போனார்கள். கொசு என்றால் என்ன பாடு என்பதைக் கிள்ளான் மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வேலைக்கு வந்தார். ஊரெங்கும் மலேரியாக் காய்ச்சல். அதே ஆண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானிலும், வேலைக்கு வந்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் படுத்தார்கள். மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதற்கான சான்றை ரோனல்ட் ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்து நாலே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. வாட்சன் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டச் செய்தார், காட்டுப் புதரை அழிக்கச் செய்தார், பள்ளங்களைத் தூர்க்கச் செய்தார். சில ஆண்டுகளிலேயே காய்ச்சல் வெகுவாகத் தணிந்தது. பின்னர் அவர் ரப்பர்த் தோட்டங்களிலும் இந்த வேலையைத் தொடர்ந்தார். தோட்டங்களில் வாய்க்காலுக்கு எண்ணெய் அடிக்கும் வேலை வந்ததும் இந்த மலேரியா எதிர்ப்பினால்தான். அந்த வாய்க்கால்களை வெட்டியவர்களிலும், காய்ச்சலில் மாண்டவர்களிலும் நம் மூத்தோர் எத்தனையோ பேர்.

நகரத்துக் கால்வாய்களில் இன்றும் சாம்பல் நிறத்தில் கூட்டமாக நீந்தும் சிறு மீன்கள் உண்டே, பிள்ளைகள் 'லொங்காங் மீன்' என்று பிடித்து விளையாடுவார்களே, அவற்றில் பெரும்பாலானவை கப்பி இனம்தான். கடையில் நீலமும் சிவப்பும் விசிறி வாலுமாக விற்பது, அதே மீனைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததன் பலன்.

தாயைக் கண்டுகொள்ளுங்கள்

கப்பி முட்டையிடுவதில்லை. குஞ்சாகவே ஈனும். பெண் மீன் உருவில் பெரியது, நிறம் குறைந்தது. ஆண் சிறியது, வண்ண வாலுடையது. பெண்ணின் வயிற்றுக்குப் பின்னால், மலத்துவாரத்துக்கு மேலே ஒரு கருநிழல் தெரியும். சினைப்பட்டால் அந்த நிழல் நாளுக்கு நாள் பெரிதாகிக் கறுக்கும். வயிறு பக்கவாட்டில் உருண்டு, கடைசி நாட்களில் முன்பக்கம் பெட்டி மாதிரிச் சதுரமாகத் தெரியும். சில மீன்களில் அந்த நிழலுக்குள் குஞ்சுகளின் கண்கள் புள்ளி புள்ளியாகவே தெரியும்.

சினைக்காலம் ஏறத்தாழ நாலு வாரம். தண்ணீர் சற்று வெதுவெதுப்பாக இருந்தால் மூன்று வாரத்திலும் ஈனலாம். முதல் பேறு என்றால் பத்து, பதினைந்து குஞ்சுகள். வளர்ந்த தாய் என்றால் 30, 50. பெரிய மீன் நூறைத் தாண்டுவதும் உண்டு.

இங்கே ஒரு விந்தையைச் சொல்லவேண்டும். ஒருமுறை ஆணோடு கூடிய பெண் மீன், அந்த விந்தைத் தன் உடலிலேயே சேமித்து வைத்துக்கொண்டு, பல மாதங்கள் வரை ஆண் இல்லாமலே மீண்டும் மீண்டும் குஞ்சு ஈனும். "ஒரே ஒரு பெண் மீனைத்தானே வாங்கினோம், குஞ்சு எப்படி வந்தது?" என்று திகைப்பவர்களுக்கு இதுவே விடை.

குஞ்சுகளுக்கு ஓர் ஆயாக் கொட்டகை

தாய் தகப்பன் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை இருப்பதுபோல, கப்பிக் குஞ்சுகளுக்கும் தனி இடம் வேண்டும். ஆனால் இங்கே வேறுபாடு ஒன்று உண்டு. தாயிடமிருந்தே இவற்றைக் காப்பாற்ற வேண்டும்!

பத்து லிட்டர் கொள்ளும் சிறு கண்ணாடித் தொட்டியோ, பிளாஸ்டிக் பேசினோ போதும். மீன் விற்பவரிடம் கிடைக்கும் வெள்ளைப் பஞ்சுப் பெட்டியும் நல்லது. சூடும் குளிரும் சட்டென்று உள்ளே ஏறாது. எதுவானாலும் சோப்பு போட்டுக் கழுவாதீர்கள். சோப்பின் மிச்சம் மீனைக் கொல்லும். உப்பும் தண்ணீரும் கொண்டு தேய்த்து நன்றாக அலசினால் போதும். பூச்சிமருந்தோ உரமோ இருந்த வாளி, டின் எதையும் எத்தனை முறை கழுவினாலும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். இரும்பு, செம்புப் பாத்திரங்களும் ஆகா.

தண்ணீர் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். குஞ்சுகள் இரையைத் தேடி அலையாமல் இருக்கும். அடியில் கல், மணல் வேண்டாம். வெறும் தரையாக இருந்தால்தான் மிச்ச உணவும் கழிவும் கண்ணுக்குத் தெரியும், எடுப்பதும் எளிது.

தொட்டியை எங்கே வைப்பது? மேற்கு வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம். சின்க் கூரை போட்ட வீட்டில் மதியவேளையில் கூரையின் கீழ் உயரமான அலமாரியில் வைத்தால் தண்ணீர் கொதிக்காத குறைதான். தரைக்கு அருகே, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். கப்பிக்கு 24 முதல் 28 டிகிரி வரை சுகமான சூடு. நம் நாட்டில் சூடேற்றும் கருவி தேவையே இல்லை.

பேறு நேரம்

தாயின் வயிறு சதுரமாகி, அது கூட்டத்தை விட்டு ஒதுங்கி மூலையில் நிற்கத் தொடங்கினால் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, தாயைத் தனித் தொட்டிக்கு மாற்றுவது. இதைக் கடைசி நேரத்தில் செய்யாதீர்கள். வலையில் துரத்திப் பிடித்து அலைக்கழித்தால் மிரண்டுபோய்க் குறைப்பிரசவமாக ஈன்றுவிடும். அப்படிப் பிறந்த குஞ்சுகளின் வயிற்றில் மஞ்சள் பை தொங்கும். நீந்த முடியாமல் அடியில் கிடந்து பெரும்பாலும் இறந்துபோகும். நாலைந்து நாட்களுக்கு முன்பே, ஒரு கோப்பையால் தண்ணீரோடு சேர்த்து மெல்ல மொண்டு மாற்றுங்கள். பழைய தொட்டித் தண்ணீரையே புதிய தொட்டியிலும் பாதி ஊற்றுங்கள்.

இரண்டாவது வழி, தாயை இடம் மாற்றாமல் தொட்டி நிறையச் செடி போடுவது. ஜாவாப் பாசி, ஹைட்ரில்லா, கொம்புப்பாசி போன்ற நெருக்கமான செடிகள் எல்லா மீன் கடைகளிலும் கிடைக்கும். குஞ்சுகள் பிறந்தவுடனே அதற்குள் புகுந்துகொள்ளும். செடி வாங்க முடியாவிட்டால், பச்சை நிற நைலான் நூலைக் கற்றையாகக் கட்டி மிதக்கவிடுங்கள். அதுவும் ஒளிவிடமாகும்.

கடையில் விற்கும் சிறிய பிளாஸ்டிக் பேறுபெட்டி வசதியானதுதான். ஆனால் அந்தச் சிறு இடத்தில் தாயை நாள் கணக்கில் அடைத்து வைத்தால் அது சோர்ந்துபோகும். பேறு நடக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

எல்லாக் குஞ்சுகளும் வந்தபின் தாயின் வயிறு ஒட்டிப்போகும். அப்போது தாயை எடுத்து, அரைநாளோ ஒருநாளோ ஆண் மீன் தொல்லையில்லாத இடத்தில் விட்டு, நன்றாகச் சாப்பிட வைத்து, பிறகு பழைய தொட்டியில் சேருங்கள். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில் வைத்தால், ஒரே பெண்ணை ஆண் மீன்கள் ஓயாமல் துரத்துவது குறையும்.

"அம்மா, தன் பிள்ளையையே திங்குமா?" என்று உங்கள் பிள்ளை கேட்கும். மழுப்ப வேண்டாம். மீனுக்குத் தன் பிள்ளை, பிறர் பிள்ளை என்ற அறிவு கிடையாது. வாய்க்குள் அடங்கும் அளவில் எது அசைந்தாலும் அதற்கு இரை. அத்தனை குஞ்சு போடுவதே, அவற்றில் சிலவாவது தப்பிப் பிழைக்கட்டும் என்ற இயற்கையின் ஏற்பாடு. ஆற்றில் ஓடி ஒளிய இடமுண்டு. கண்ணாடித் தொட்டியில் இல்லை. அந்த இடத்தை உண்டாக்கித் தருவது வளர்க்கிற நம் பொறுப்பு. இப்படிச் சொன்னால் பிள்ளைக்குப் புரியும்.

தண்ணீரில் இருக்கிறது உயிர்

குஞ்சுகள் சாவதற்குப் பசியைவிடத் தண்ணீரே பெரிய காரணம். குழாய்த் தண்ணீரில் நம் நன்மைக்காகக் குளோரின் கலக்கிறார்கள். அது மீனின் செவுளை அரித்துவிடும். ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, ஒருநாள் முழுதும் திறந்த இடத்தில் வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் குளோரின் முறிக்கும் உப்பைப் பொட்டலத்தில் சொன்ன அளவுக்குப் போடுங்கள். கண்ணாடித் துண்டு போன்ற அந்தப் படிகம் சில வெள்ளிக்குக் கிடைக்கும். மாதக்கணக்கில் வரும்.

தண்ணீர் நின்று திரும்ப வரும் நாட்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் கலந்த கழிவினால் கிள்ளான் பள்ளத்தாக்கில் இலட்சக்கணக்கான வீடுகளுக்குத் தண்ணீர் நின்றதே, நினைவிருக்கிறதா? அத்தகைய தடைக்குப் பிறகு முதலில் வரும் தண்ணீர் கலங்கலாக இருக்கும். அதைக் குஞ்சுத் தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள். மீனுக்கென்று ஒரு வாளி தண்ணீரை மூடிபோட்டு எப்போதும் தயாராக வைத்திருப்பது நல்லது. மூடி எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த எதிரி அமோனியா. மீனின் கழிவும், தின்னாத உணவும் அழுகி அமோனியாவாகும். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பளிங்காக இருக்கும்போதே குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பிறகு ஒவ்வொன்றாக விழும். பழகிய தொட்டியில் இந்த நஞ்சை மாற்றும் நல்ல கிருமிகள் வடிகட்டியின் பஞ்சில் குடியிருக்கும். புதுத் தொட்டியில் அவை பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே, பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஞ்சு வடிகட்டியையே குஞ்சுத் தொட்டிக்கு மாற்றுங்கள். பஞ்சு வடிகட்டி குஞ்சுகளை உறிஞ்சாது. காற்று பம்பு ஒன்று இருந்தால் போதும். பஞ்சைக் கழுவும்போது குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் அந்த நல்ல கிருமிகளையும் கொன்றுவிடும்.

வடிகட்டி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். நாள்தோறும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். காற்றுக் குழாயின் ஒரு முனையில் துணி கட்டி, அடியில் கிடக்கும் அழுக்கை மெல்ல உறிஞ்சி ஒரு வெள்ளை வாளியில் விடுங்கள். தவறி வந்த குஞ்சு வெள்ளை வாளியில் கண்ணுக்குத் தெரியும். அதை ஒரு கரண்டியால் மொண்டு திருப்பி விடலாம். புதுத் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாமல், கோப்பை கோப்பையாக ஊற்றுங்கள்.

என்ன தின்னக் கொடுப்பது?

கப்பிக் குஞ்சு பிறக்கும்போதே நீந்தும், பிறந்த சில மணி நேரத்திலேயே தின்னும். அதன் நீளம் ஆறு, ஏழு மில்லிமீட்டர். வாய் ஊசிமுனை. பெரிய மீனுக்குப் போடும் உணவை அப்படியே போட்டால் தின்ன முடியாது. அது அழுகித் தண்ணீர்தான் கெடும்.

மிக எளிதானது, மீன் உணவை விரலிடுக்கில் மாவாக நசுக்கித் தூவுவது. வசதியில்லாதபோது முட்டை கைகொடுக்கும். முட்டையை நன்றாக வேகவைத்து, மஞ்சள் கருவில் ஒரு மிளகளவு எடுத்து, மெல்லிய துணியில் முடிந்து, அரைக்கோப்பைத் தண்ணீரில் பிசைந்தால் பால்போலக் கரையும். அதில் ஐந்தாறு சொட்டு விட்டால் முப்பது குஞ்சுக்குப் போதும். ஆனால் முட்டைக் கரு தண்ணீரைச் சீக்கிரம் கெடுக்கும். ஆகவே சிறிதளவே கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் சிறந்தது ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறால் குஞ்சு. அதன் முட்டை சிறு டப்பாவில் கடையில் கிடைக்கும். பொரிக்கும் முறை இது: ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பைக் கரையுங்கள். அரைத் தேக்கரண்டி முட்டையைப் போட்டு, காற்றுக் குழாயை விட்டு, வெளிச்சத்தில் வையுங்கள். நம் வெயிலுக்கு 24 முதல் 36 மணி நேரத்தில் பொரித்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கீழே கூடும். கீழே உள்ளதைக் குழாயால் உறிஞ்சி, துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். கப்பிக் குஞ்சுகளின் வயிறு சிறிது நேரத்தில் செம்மஞ்சளாக உருண்டு தெரிவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 'மொய்னா' எனப்படும் தண்ணீர்ப் பேனும் நல்ல உணவுதான். கால்வாயில் பிடித்துப் போடாமல், கடையில் வாங்கி அலசிப் போடுங்கள். கால்வாய்த் தண்ணீரில் நோயும் பூச்சிமருந்தும் கலந்திருக்கக்கூடும்.

எத்தனை வேளை? முதல் மூன்று வாரம் நாளுக்கு மூன்று முதல் ஐந்து வேளை, ஒவ்வொரு வேளையும் சிறிதளவு. வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். பெரட்டுக்குப் போகுமுன் ஒரு வேளை. பள்ளி விட்டு வந்த பிள்ளை ஒரு வேளை. வேலை முடிந்து வந்ததும் ஒரு வேளை. இரவு விளக்கணைப்பதற்கு ஒரு மணி நேரம் முன் ஒரு வேளை. ஆனால் ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியவேண்டும். பாட்டி ஒரு பிடி, தம்பி ஒரு பிடி, அப்பா ஒரு பிடி என்று அன்பினால் போட்டே கொன்ற குஞ்சுகள்தாம் அதிகம்! தொட்டியருகே ஒரு தாளை ஒட்டி, போட்டவர் கோடு போடும் வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொசுப் புழு போடலாமா?

கப்பிக்குக் கொசுப் புழு விருந்துதான். ஆனால் பிறந்த குஞ்சுக்கு அது பெரிது. அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. மீனுக்கு இரை வேண்டுமென்று பழைய வாளியில் தண்ணீர் விட்டுப் புழு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது டெங்கியை வீட்டுக்கு வா என்று அழைப்பதாகும்.

டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நம் வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த தண்ணீரிலேதான் விரும்பி முட்டையிடும். நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிவிடும். குளோரின் போவதற்காக நீங்கள் வைத்த வாளி, மீன் செத்துப்போய்க் காலியாக விட்ட தொட்டி, செடி போட்டு வைத்த போத்தல் எல்லாமே அதற்கு வீடு. தண்ணீர் வாளிக்கு மூடி வேண்டும் என்று முன்பு சொன்னது இதனால்தான். நுண்ணிய வலைத்துணியால் கட்டினாலும் போதும், காற்றும் போகும். வாளியைக் காலி செய்யும்போது உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை காய்ந்த சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கொசு பெருக இடம் கொடுக்கும் வீட்டாருக்குத் தண்டம் விதிக்க, நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமுண்டு.

கப்பி இருக்கும் தொட்டியில் கொசு பெருகாது, உண்மை. அதற்காக ஊர்க் கால்வாயில் கப்பியை விட்டால் டெங்கி ஒழியும் என்று நம்பிவிட வேண்டாம். கால்வாயில் உள்ள கப்பி, பூச்சாடிக்கும் ஓட்டை டயருக்கும் நடந்து போய்ப் புழுத் தின்னாது அல்லவா? அந்த வேலை நம்முடையது.

வீட்டருகே புகை அடிக்க வருகிறார்கள் என்றால் காற்று பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியாலோ பிளாஸ்டிக் தாளாலோ மூடுங்கள். கொசுவுக்கு அடிக்கும் மருந்துகளில் பல மீனுக்குக் கடும் நஞ்சு. புகை முற்றும் கலைந்தபின் திறங்கள். கொசுவர்த்தியைத் தொட்டிக்கு அருகிலும், காற்று பம்புக்கு அருகிலும் கொளுத்தாதீர்கள். பம்பு அந்தப் புகையை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதிவிடும்.

வாரம் வாரமாக

முதல் வாரத்தில் சில குஞ்சுகள் எப்படியும் போகும். முதுகு வளைந்தவை, அடியிலேயே வழுக்கிக் கிடப்பவை பிழைப்பது அரிது. அதற்காக மனம் தளர வேண்டாம். செத்ததை உடனே எடுத்துவிடுங்கள்.

குஞ்சுகள் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு நடுங்கினால், மருந்துப் போத்தலைத் தேடுமுன் தண்ணீரைப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கை மாற்றி, பத்து லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி கல்லுப்பைத் தனியே கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கப்பி சிறிதளவு உப்பைத் தாங்கும். உடலில் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது தொற்றுநோய். மீன் கடையில் மருந்து கேட்டு வாங்குங்கள். அந்தத் தொட்டியின் வலையை வேறு தொட்டியில் போடாதீர்கள்.

இரண்டாம் வாரம் முடியும்போது இடம் நெருக்கடியாகும். முப்பது குஞ்சு என்றால் 40 லிட்டராவது கொள்ளும் தொட்டிக்கு மாற்றினால்தான் நன்றாக வளரும். இரண்டடித் தொட்டி சரியாக இருக்கும். புதுத் தண்ணீருக்கு மாற்றுமுன், குஞ்சுகளை அவற்றின் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் பையில் விட்டு, அந்தப் பையை இருபது நிமிடம் மிதக்க வையுங்கள். சூடு சமமானபின் திறந்துவிடுங்கள்.

மூன்று, நாலு வாரத்தில் ஆண் பெண் தெரியத் தொடங்கும். வயிற்றின் அடியில் பின்பக்கத் துடுப்பைப் பாருங்கள். விசிறியாக இருந்தால் பெண். குச்சிபோலக் கூராக நீண்டால் ஆண். அந்த அடையாளம் தெரிந்ததுமே இரண்டையும் பிரித்து வையுங்கள். இல்லாவிட்டால் வளர்ச்சி முற்றாத வயதிலேயே பெண் மீன்கள் சினைப்பட்டுவிடும், உடம்பு தேறாது. அண்ணன் தங்கை உறவிலேயே தலைமுறை தலைமுறையாகக் குஞ்சு எடுத்தால் உருச் சிறுத்து, முதுகு வளைந்த மீன்கள் பெருகும். அவ்வப்போது வேறு இடத்திலிருந்து ஓர் ஆண் மீனைக் கொண்டுவந்து சேருங்கள்.

பெருகிப் போனால்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று தாய் மீன்கள், மாதம் முப்பது முப்பதாக ஈன்றால் மூன்று மாதத்தில் 270 குஞ்சுகள்! அத்தனையையும் காப்பாற்ற ஒரு சிறு வீட்டில் இடமேது? ஆகவே எல்லாப் பேற்றையும் காக்க நினைக்காதீர்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று பேறுகளை மட்டும் தேர்ந்து வளர்த்து, மற்ற நாட்களில் ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வையுங்கள். மிஞ்சியதை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும், ஆசிரியர் சம்மதித்தால் பள்ளித் தொட்டிக்கும் கொடுக்கலாம். ஒரே நிறத்தில் நன்றாக வளர்ந்தவற்றைச் சில மீன் கடைகள் வாங்கிக்கொள்வதும் உண்டு.

ஆற்றிலும் குளத்திலும் மட்டும் கொண்டுபோய் விடாதீர்கள். வந்தேறி மீன் பெருகினால் அங்கேயே பிறந்து வளர்ந்த சிறு மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். பிழைக்கட்டும் என்று இரக்கப்பட்டு விடுவது வேறு உயிருக்குக் கேடாக முடியும்.

பிள்ளையிடம் ஒப்படையுங்கள்

தோட்டத்து லயமானாலும், தோட்டம் விற்கப்பட்டபின் குடிபோன மலிவு விலை அடுக்குமாடி வீடானாலும், ஆடு மாடு வளர்க்க இன்று பலருக்கு இடமில்லை. முன்பெல்லாம் விடியற்காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியும், கோழிக்கு நொய் போட்டும் நம் பிள்ளைகள் பொறுப்பைக் கற்றார்கள். தன்னை நம்பி ஓர் உயிர் இருக்கிறது, தான் மறந்தால் அது சாகும் என்ற எண்ணம் பிள்ளைக்கு வேண்டியதுதானே? பத்து லிட்டர் தண்ணீருக்குள் அதைக் கற்றுக்கொடுக்க முடியும்.

ஒரு பழைய பள்ளி ஏட்டைக் கொடுங்கள். குஞ்சு பிறந்த நாள், எத்தனை பிறந்தன, எத்தனை மிஞ்சின, எப்போது தண்ணீர் மாற்றினோம், எப்போது வாலில் முதல் நிறம் தெரிந்தது என்று பிள்ளையே எழுதட்டும். முதல் முறை இருபதில் ஐந்து மிஞ்சினால் திட்டாதீர்கள். எதனால் போயிற்று என்று ஏட்டைப் புரட்டிச் சேர்ந்து பாருங்கள். உணவு மிஞ்சியதா, தண்ணீர் மாற்ற மறந்தோமா என்று அதிலேயே தெரிந்துவிடும். அடுத்த முறை பத்து மிஞ்சும்.

இன்று மாலை உங்கள் தொட்டியருகே உட்கார்ந்து பெண் மீன்களின் வயிற்றைப் பாருங்கள். கருநிழல் பெரிதாகி, வயிறு சதுரமாகத் தெரிகிறதா? அப்படியானால் இன்றிரவே ஒரு வாளி தண்ணீர் பிடித்து வலைத்துணியால் மூடி வையுங்கள். நாளைக் காலை பெரட்டுக்குப் போகுமுன், தாய் மீனுக்கு இடம் தயாராக இருக்கும்.